பதினொரு படிவங்களில் இல்லாத ஆள்

1

வெளிநாடு போனவர்கள் எழுதும் பக்கத்தில் இவளுக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். நான் கடல் தாண்டவில்லை. சத்தியமங்கலத்துக்குக் கீழே, வாய்க்கால் ஓரத்து ஊரில் பேருந்து ஏறி, மலை வளைவுகளில் இரண்டு முறை கண்ணயர்ந்து எழுந்தால் பெங்களூரு வந்துவிடும். ஆனாலும் வேறு பாஷை, வேறு அரசாங்கம். ஒவ்வொரு வருடமும் நான் யார் என்று ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்தாக வேண்டிய ஊர்.

ஈஜிபுராவில் நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா, லலிதா அக்கா. தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். என்னிடம் தமிழும் காய்காரரிடம் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுவார். அவருடைய மகள் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். போன வாரம் வாடகை ஒப்பந்தத்தை நாலாவது முறையாகப் புதுப்பிக்க, போலீஸ் சரிபார்ப்புப் படிவத்தோடு அக்கா மாடிக்கு வந்தார்.

“அப்பா ஆக்குபேஷன்... போன வாட்டி மாதிரி அக்ரிகல்ச்சர்னே போட்டுடட்டா?”

“கூலின்னு போடுங்கக்கா.”

“ஐயோ, சும்னே... சும்மா எதுக்கும்மா? ஸ்டேஷன்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்க. அக்ரிகல்ச்சர்னா டீசண்டா இருக்குதில்ல?”

“ஒரு சென்ட் நிலம் இல்லாதவருக்கு என்னக்கா அக்ரிகல்ச்சர்?”

“நாலு வருஷமா நீதானேம்மா சொன்னே?”

சொன்னது நான்தான். இந்த முறை கூலி என்று எழுதவைத்தேன். அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதினார்.

ஊரில் இப்போது என்னைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. படிக்கவைத்த அப்பன் சோற்றிலேயே மண்ணை அள்ளிப் போட்டவள் என்று. அதை மறுக்க இதை எழுதவில்லை. அந்த மண் எங்கிருந்து வந்தது என்று சொல்ல எழுதுகிறேன்.

2

எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். தாலுகா அலுவலகத்தில் வாங்கிய முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த அன்று அதையும் மற்றச் சான்றிதழ்களோடு நீட்டினேன். அலுவலகப் பெண்மணி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எதற்கு? உங்கள் வீட்டில் யாருமே படிக்கவில்லை என்பதற்குச் சான்றிதழா?” என்று கேட்டார். “இல்லை, நான் படித்திருக்கிறேன் என்பதற்கு” என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

வேலை, பயிர் நோய் ஆய்வுக்கூடத்தில். வாழையைத் தாக்கும் வாடல் நோய்க்குக் காரணமான பூஞ்சையின் மரபணுவைப் படிப்பது. அடி இலை முதலில் மஞ்சளாகும். பிறகு ஒவ்வொன்றாக ஒடிந்து பாவாடை மாதிரித் தண்டைச் சுற்றித் தொங்கும். தண்டை அறுத்தால் உள்ளே துரு நிறத்தில் கோடுகள் ஓடும். மருந்து இல்லை. மரம் செத்தபின்னும் பூஞ்சை மண்ணில் உட்கார்ந்திருக்கும். அந்தத் தோட்டத்தில் அந்த ரக வாழையை ஒரு தலைமுறைக்கு மறந்துவிட வேண்டியதுதான்.

இங்கே எல்லாவற்றுக்கும் வேறு பெயர். எங்கள் ஊர்க் கதலி இங்கே ஏலக்கி. வாடல், சொரகு. சேர்ந்த முதல் வாரம் உதவியாளர் மஞ்சுநாத் ஒரு பெட்டியைக் காட்டி “சொரகு, சொரகு” என்றார். நான் சொருகு என்று கேட்டு, அதை உறைபெட்டிக்குள் சொருகிவிட்டேன். உயிரோடு வளர்க்க வேண்டிய பூஞ்சைத் தட்டுகள் எல்லாம் கல்லாகிவிட்டன. ஆய்வுக்கூடத் தலைவி சுதா மேடம் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மஞ்சுநாத் இன்றைக்கும் என்னை “சொருகு மேடம்” என்றுதான் கூப்பிடுவார்.

3

போன வருடம், பேருந்துப் பார்சலில் வந்த ஒரு பெட்டியைப் பிரித்தபோது உள்ளே என் ஊர்ப் பெயர் இருந்தது. வாய்க்காலின் இரண்டு பக்கத்திலும் பதினான்கு கதலித் தோட்டங்கள். பதினொன்றில் வாடல். அறுத்துக் காயவைத்த தண்டு நார்கள் காகித உறைகளில் வந்திருந்தன. ஒவ்வொரு உறையிலும் ஒரு பெயர். எல்லாம் எனக்குத் தெரிந்த பெயர்கள். அந்தப் பெயர்களின் முன்னால் என் அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

அப்பா பெயர் ரங்கன். வாழைக்கன்று பேர்ப்பது அவர் வேலை. தாய் மரத்தின் பக்கத்தில் முளைக்கும் கன்றைக் கிழங்கு சிதையாமல் கடப்பாரையால் நெம்பி எடுத்து, அதே தோட்டத்தில் வேறு இடத்தில் நடவேண்டும். மற்றவர்கள் இரண்டு நெம்பில் எடுப்பதை அவர் ஒரே நெம்பில் எடுப்பார்.

நோய் எப்படிப் பரவியது என்று தெரிய, உறைகளோடு ஒரு கேள்விப் படிவமும் நிரப்ப வேண்டும். தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் தோட்டக்காரர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு நானே நிரப்பினேன்.

“வணக்கங்க. பெங்களூரு ஆய்வுக்கூடத்திலிருந்து பேசறேன்.”

“சொல்லுங்க மேடம், சொல்லுங்க.”

இதைச் சொன்னவர் சின்னச்சாமி. ஊரின் பெரிய தோட்டம் அவருடையது. என் அம்மா அவர் வீட்டு வாசலில் குரல் கொடுத்துவிட்டு, யாராவது வெளியே வரும்வரை நிற்பாள். அவர் என்னை மேடம் என்றார். நான் இன்னார் மகள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த வார்த்தையிலேயே ‘மேடம்’ போய் ‘ஏம்புள்ளே’ வந்திருக்கும். அதை இழக்க எனக்கு மனமில்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

“கன்னு எங்கே வாங்குனீங்க?”

“வாங்கறதே இல்லீங்க. நம்ம தோட்டத்துக் கன்னுதான்.”

“மண்வெட்டி, அரிவாளெல்லாம் கழுவுறீங்களா?”

“தொட்டித் தண்ணியில தெனமும் கழுவியாகுதுங்க.”

“மூணு வருஷத்துல வெளியாளுங்க யாராச்சும் தோட்டத்துக்குள்ள வந்தாங்களா?”

“யாரும் வரலீங்க மேடம்.”

பதினொரு பேரும் அப்படியே சொன்னார்கள். பதினொரு படிவங்களிலும் அந்தக் கட்டத்தில் ‘யாருமில்லை’ என்று என் கையால் எழுதினேன். எழுதும்போது எனக்கு எதுவும் உறுத்தவில்லை.

4

பள்ளிக்கூடத்தில் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று வாத்தியார் எப்படிக் கண்டுபிடிப்பார்? சரியான விடைகளை வைத்து அல்ல, பிழைகளை வைத்து. ஒரே பிழை இரண்டு நோட்டில் இருந்தால் ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதியது. பூஞ்சையின் மரபணுவிலும் அதேதான். நாலு எழுத்துகளால் ஆன மிக நீண்ட வரி அது. பூஞ்சை பெருகும்போது அந்த வரியைத் தானே நகல் எடுக்கிறது. எங்கோ ஓர் எழுத்து தவறுகிறது. அந்தத் தவறு அதன் சந்ததிக்கெல்லாம் போகிறது. பதினொரு தோட்டத்துப் பூஞ்சையையும் எழுத்தெழுத்தாகப் படித்து, பிழைகளை ஒப்பிட்டால், எது எதற்குத் தாய் என்று ஒரு வரிசை கிடைக்கும்.

கிடைத்தது. இரண்டு இடங்களில் மட்டும் எது முன், எது பின் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மற்றவை தெளிவு. ஆனால் அந்த வரிசைக்கு அர்த்தம் இல்லை. அடுத்தடுத்த தோட்டங்களுக்கு நோய் போகவில்லை. ஒன்றிலிருந்து வாய்க்காலைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போயிருந்தது, அங்கிருந்து திரும்பி வந்திருந்தது. தண்ணீர் கொண்டுபோயிருக்கும் என்றால், மேட்டிலிருக்கும் தோட்டத்துக்கு எப்படி ஏறியது? கன்று கொண்டுபோயிருக்கும் என்றால், எல்லாருமே சொந்தக் கன்று.

சுதா மேடம் படிவங்களைப் புரட்டினார். தமிழ் கேட்டால் அவருக்குப் புரியும், படிக்க வராது. அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, “யாரூ பந்தில்வா?” என்றார். யாருமே வரவில்லையா என்று.

“இல்லை மேடம்.”

“அப்ப அந்த வரிசையில பேரைப் படி. யாருக்கு யாரு சொந்தம்னு பாக்கலாம்.” இதைக் கன்னடத்தில்தான் சொன்னார்.

நான் படித்தேன். சின்னச்சாமி. அவருடைய தம்பி. எதிர்க்கரைச் சம்பந்தி. பிறகு சம்பந்தியின் பங்காளி, கோயில் தர்மகர்த்தா, மேட்டுத் தோட்டத்துக்காரர்... நாலாவது பெயரில் என் குரல் இறங்கிவிட்டது. இந்த வரிசையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். தாளில் பார்க்காமலே அடுத்த பெயரைச் சொல்ல முடிந்தது.

எங்கள் ஊரில் அதற்கு முறை என்று பெயர். நடவுக் காலம் வந்தால் அப்பா முதலில் பெரிய வீட்டுத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். பிறகு அவர் தம்பி. பிறகு சம்பந்தி. யாருக்கு மரியாதை அதிகமோ அவருக்கு முதல் கடப்பாரை. இடம் மாற்றிப் போனால் பஞ்சாயத்தே கூடிவிடும். பக்கத்துப் பக்கத்துத் தோட்டமாக முடித்தால் நடை மிச்சமாகுமே என்று நான் சின்ன வயதில் கேட்டதற்கு அம்மா என் வாயைப் பொத்தினாள்.

நோய் அந்த முறைப்படி நடந்திருந்தது. பெரிய வீட்டில் புறப்பட்டு, நடவுக்கு நடவு இன்னும் சில தோட்டங்களாக, மரியாதை குறையக் குறைய. வரிசையின் கடைசியில், மரியாதை மிகக் குறைந்த மூன்று சிறு தோட்டங்கள் மட்டும் இன்னும் பச்சையாக நின்றன. அடுத்த நடவுக்கு மூன்று வாரம் இருந்தது.

“ஏனாய்த்து?” என்றார் மேடம். என்ன ஆயிற்று என்று.

“ஒருத்தர் வந்திருக்கார் மேடம். பதினொரு தோட்டத்துக்கும்.”

“யாரு?”

நான் எழுந்து கைகழுவும் தொட்டிக்குப் போனேன்.

5

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவே கூப்பிட்டார். தினமும் வேலை முடிந்து வீடு வரும்போது கூப்பிடுவார்.

“அம்மிணி, சாப்டியா?”

“இல்லப்பா. ஒண்ணு கேக்கட்டுமா? ஒரு தோட்டத்துல வேல முடிஞ்சு அடுத்த தோட்டம் போறப்ப கடப்பாரையைக் கழுவுவியா?”

“அதென்ன சாமி வெளக்கா, தொடச்சுத் தொடச்சு வெக்கறதுக்கு?” என்று சிரித்தார். “மண்ணுல குத்தறதுதான.”

நான் சொன்னேன். பூஞ்சை மண்ணில் இருப்பதை, ஒட்டிக்கொண்டு போவதை, பெயர்களின் வரிசையை. எத்தனையோ கூட்டங்களில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அப்பாவுக்குச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் திணறினேன்.

“அப்ப அத்தன மரத்தையும் நாந்தேன் கொன்னுபோட்டனா?”

“நீ இல்லப்பா. மண்ணு.”

“மண்ணு எங்கிட்ட இருந்துதான போச்சு.”

“ஒரு தடவை கழுவியிருந்தாப் போதும்ப்பா. ஏம்ப்பா கழுவல? எல்லாத் தோட்டத்துலயும் மோட்டார்த் தொட்டி இருக்குதே?”

மறுமுனையில் கடப்பாரையைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது.

“படிச்ச புள்ளையாட்டப் பேசறே” என்றார். “நாம எங்க போயிக் கழுவறது? வாய்க்கால்ல எறங்கறதுக்கும் உட மாட்டாங்க. பண்ணாடிங்க தொட்டியில நாம கைய வெச்சிருக்கறமா?”

எனக்குத் தெரியாததா? அந்தத் தோட்டக்காரர்களிடம் தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் குவித்துக்கொண்டு நிற்போம், யாராவது மேலிருந்து ஊற்றுவார்கள். நான் பத்து வயதுவரை அப்படித்தான் குடித்தேன். பெங்களூரு வந்து மூன்றே வருடத்தில் அதை மறந்து, அப்பாவைப் பார்த்து ஏன் கழுவவில்லை என்று கேட்டிருக்கிறேன்.

“சரி, சாப்பிடு” என்று வைத்துவிட்டார். அடுத்த எட்டு நாள் அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

6

அந்த எட்டு நாளும் கணக்கு ஒன்றுதான். சொன்னால் அப்பாவை எந்தத் தோட்டத்திலும் விட மாட்டார்கள். சொல்லாவிட்டால் மூன்று வாரத்தில் அவர் முறைப்படி கடப்பாரையோடு புறப்படுவார். வரிசையின் கடைசி மூன்று தோட்டங்களும் போகும். அந்த மூன்று பேரும் ஆளுக்கு இருக்கும் அரை ஏக்கரை நம்பிப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, அறிக்கையில் எவர் பெயரும் வராது, அது விதி, கவலைப்படாதே என்றார். ஊருக்கு அனுப்பும் தமிழ் அறிவுரைத் தாளை என்னையே எழுதச் சொன்னார். நான் எழுதியது இது: “ஆய்வின்படி, இந்நோய் தோட்டக் கருவிகளில் ஒட்டியுள்ள மண் மூலம் பரவுகிறது. எனவே கருவிகளைச் சுத்தம் செய்தல் அவசியம்.”

நல்ல தமிழ். பிழை இல்லை. ஆளும் இல்லை. அதை எழுதி முடித்தபோது, அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று மூச்சு விட்டேன்.

ஒன்பதாம் நாள் அப்பா கூப்பிட்டார்.

“எழுதறதெல்லாம் எழுதிப்போட்டியா?”

“எழுதிட்டேன்ப்பா. உன் பேரு இல்ல. பயப்படாத.”

“படி, கேக்கறேன்.”

அவருக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூட நாளில் என் மதிப்பெண் அட்டையை இப்படித்தான் படிக்கச் சொல்லிக் கேட்பார். நான் படித்தேன்.

“கருவின்னா?”

“கடப்பாரை, மண்வெட்டி...”

“கடப்பாரை தானா எந்திரிச்சு நடந்து போச்சாமா?”

அவரே தொடர்ந்தார்.

“அம்மிணி, நீ இப்பிடி எழுதுனா அவங்க என்ன செய்வாங்க தெரியுமா? தோட்டத்துக்கு ஒரு புதுக் கடப்பாரை வாங்கி வெச்சுப்போட்டு, அதே சேத்துக் காலோட உள்ள வாடாம்பாங்க. மண்ணு என்ற கால்லயும்தான ஒட்டியிருக்குது? வெரலிடுக்கெல்லாம் மண்ணுதான். கால்ல இருந்தா அந்த நோயி போகாதா?”

போகும். காலிலும் போகும். பன்னிரண்டு வருடம் பள்ளியும் ஐந்து வருடம் கல்லூரியும் படித்த நான் அதை எழுதவில்லை. எனக்குத் தெரியாததால் அல்ல.

“போகும்ப்பா.”

“அப்பறம் என்ன எழுத்து அது? ஆளு வந்தான்னு எழுது. வந்த ஆளு கழுவறதுக்குத் தண்ணி உடோணும்னு எழுது.”

“எழுதினா உன்னைக் கூப்பிட மாட்டாங்கப்பா.”

“மாட்டாங்கதேன். அதுக்கோசரம் பொய்யா எழுதுவியா? உன்னைய அதுக்கா பஸ்ஸு ஏத்திவுட்டேன்?”

அவர் குரலில் கோபம்தான் இருந்தது. பெருமையோ தியாகமோ இருந்ததாக எழுத ஆசைதான். எனக்குக் கேட்டது கோபம். வாக்கியங்களை மாற்றினேன். “தோட்டத்துக்குள் வேலைக்கு வரும் ஆட்களின் காலிலும் கருவியிலும் உள்ள மண் மூலம் இந்நோய் பரவியுள்ளது. அவர்கள் உள்ளே வருமுன்பும் வெளியே போகுமுன்பும் தோட்டத்துத் தொட்டித் தண்ணீரில் கைகால்களையும் கருவிகளையும் கழுவ விட வேண்டும்.” பதினொரு படிவங்களிலும் ‘யாருமில்லை’ என்பதை அடித்து, ‘கன்று பேர்ப்பவர் ஒருவர், எல்லாப் பருவத்திலும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதையெல்லாம் சொன்னபோது மேடம், “தொட்டித் தண்ணீர்னு அவ்வளவு குறிப்பாச் சொல்லணுமா?” என்று ஒரே ஒரு முறை கேட்டார். சொல்ல வேண்டும் என்றேன். விட்டுவிட்டார்.

7

தாள் ஊருக்குப் போனது. அதிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு வரியைத்தான்: ஆள் மூலம் பரவுகிறது. எந்த ஆள் என்று ஊருக்குத் தெரியாதா? அதை எழுதியது யார் மகள் என்பதும் ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. சின்னச்சாமி இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. பெரிய தோட்டங்களின் வாடாத பகுதிகளில் நடவுக்கு மட்டும் டிராக்டரில் துளைபோடும் கருவி வாடகைக்கு வந்தது. கன்றைச் சொந்தக்காரர்களே முடிந்தவரை பேர்த்தார்கள், பாதிக் கிழங்கு சிதைந்ததாம். தொட்டியை யாருக்கும் திறந்துவிடவில்லை.

அப்பா இப்போது செங்கல் சூளையில் மண் குழைக்கிறார். பெங்களூருக்கு வந்துவிடு என்று கூப்பிட்டேன். “அங்க வந்து நான் ஆரு?” என்று கேட்டுவிட்டார்.

சென்ற மாதம் அந்தக் கடைசி மூன்று தோட்டங்களிலிருந்து தண்டு நார்கள் வந்தன. துரு நிறக் கோடு இல்லை. தட்டில் வளர்த்துப் பார்த்தோம், மரபணுச் சோதனையும் செய்தோம். பூஞ்சை இல்லை. மஞ்சுநாத் கட்டைவிரலை உயர்த்தினார். நான் வெளியே வந்து அப்பாவைக் கூப்பிட்டேன். சூளையின் இரைச்சலுக்கு நடுவில் சத்தமாகப் பேசினார்.

அவர் வீட்டிலிருந்து அந்தத் தோட்டங்கள் கூப்பிடு தூரம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தாலே தெரியும். ஆனால் இப்போது அந்தத் தடத்தில் அவரைக் கண்டால் விரட்டுகிறார்கள்.

“மூணுமே பச்சையா நிக்குதா அம்மிணி?” என்று, இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் என்னிடம் கேட்டார்.

“நிக்குதுப்பா.”

“கொலை தள்ளிருச்சா?”

குலை விட்டதா என்பது சோதனையில் தெரியாது. தெரியாது என்றேன்.

“கேட்டுச் சொல்லு” என்றார்.